இரட்டைக் கருவா? நஞ்சுக்கொடி ஒன்றா, இரண்டா என்று முதல் ஸ்கேனிலேயே கேளுங்கள்

12ஆம் வாரத்தில் எனக்கு எடுத்த ஸ்கேன் அறிக்கையில், இரட்டைக் கரு, இரண்டிலும் இதயத்துடிப்பு உள்ளது என்பதற்கு மேல் எதுவும் எழுதப்படவில்லை. ஒரே உருவ இரட்டையரில் பெரும்பாலானோர் ஒரே நஞ்சுக்கொடியைப் பகிர்ந்துகொள்கிறார்கள் என்பதும், அதை 11 முதல் 14 வாரங்களுக்குள் பார்த்தால்தான் மிகத் தெளிவாகத் தெரியும் என்பதும் அன்று எனக்குத் தெரியாது. தெரிந்திருக்க வேண்டிய மருத்துவமனையோ, அடுத்த ஸ்கேனுக்கு 20ஆம் வாரத்தில் வந்தால் போதும் என்று அனுப்பிவிட்டது. நஞ்சுக்கொடி ஒன்றாக இருந்தால் 16ஆம் வாரத்திலிருந்து இரண்டு வாரத்துக்கு ஒரு முறை ஸ்கேன் எடுக்க வேண்டும்.

19ஆம் வாரத்தில் நான்கைந்து நாள்களுக்குள் வயிறு இறுகிப் பெருத்தது. படுத்தால் மூச்சு முட்டியது. இரண்டு முறை போய்ச் சொன்னேன். "இரட்டைப் பிள்ளை என்றால் அப்படித்தான் இருக்கும்" என்றார்கள். இரத்த அழுத்தம் பார்த்தார்களே தவிர, ஸ்கேன் எடுக்கவில்லை.

பயம் தாங்காமல் வேறு மருத்துவமனைக்குச் சென்றேன். அங்கே ஸ்கேனில் பார்த்தபோது, ஒரே நஞ்சுக்கொடியில் இருவரையும் இணைக்கும் இரத்தக்குழாய்கள் வழியே ஒரு குழந்தையின் இரத்தம் மற்றதற்குப் போய்க்கொண்டிருந்தது. இரத்தம் கூடிய குழந்தையைச் சுற்றிப் பனிக்குட நீரின் ஆழம் 11 செ.மீ. இருந்தது, 8 செ.மீ. தாண்டினாலே அந்த வாரத்தில் அது ஆபத்தின் அடையாளம். இரத்தம் இழந்த குழந்தைக்கு 1 செ.மீ.கூட இல்லை, சிறுநீர்ப்பை வெறுமையாகி, அதைச் சுற்றியிருந்த சவ்வு உடலோடு ஒட்டியிருந்தது. ஒரே நஞ்சுக்கொடி இரட்டையரில் 100 பேருக்கு 10 முதல் 15 பேருக்கு இது நேர்கிறது என்றும், கருப்பைக்குள் நுண்குழாய் செலுத்தி அந்த இணைப்புகளை லேசரால் அடைப்பதே சிறந்த சிகிச்சை என்றும், சில நாள்கள் முன்பே வந்திருந்தால் இரு குழந்தைகளுக்கும் வாய்ப்பு கூடியிருக்கும் என்றும் அங்கிருந்த மருத்துவர் சொன்னார்.

மறுநாளே லேசர் செய்தார்கள். சிறிய குழந்தையின் துடிப்பு அன்றிரவே நின்றுவிட்டது. மற்றவள் 33ஆம் வாரத்தில் பிறந்து, இன்று என்னோடு இருக்கிறாள்.

இரட்டைக் கரு என்று தெரிந்ததும் நஞ்சுக்கொடி ஒன்றா, இரண்டா என்பதை அறிக்கையில் எழுதி வாங்குங்கள். வயிறு திடீரென்று பெருத்தால் அன்றே ஸ்கேன் கேளுங்கள். என் கோப்பிலிருந்த 12ஆம் வாரப் படத்தை அந்த மருத்துவர் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். இரு கருக்களையும் பிரிக்கும் மெல்லிய சவ்வு, 'T' என்ற ஆங்கில எழுத்தைப் போல, ஒரே நஞ்சுக்கொடியில் நேராகப் போய்ச் சேர்ந்திருந்தது.