₹38,400 கொடுத்து வாங்கிய பெயிண்ட் காயவே இல்லை, ஹார்ட்னர் டின்னில் இருந்தது வெறும் தின்னர்

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். ஆறிவிட்டால் போனது போகட்டும் என்று நானே விட்டுவிடுவேன், அந்த ஆள் அடுத்தவரைப் பிடித்துக்கொள்வான். போனது ₹38,400.

பள்ளத்தூரில் எங்கள் வீட்டு நாலாம் கட்டுக்குப் பின்னால் ஐயா காலத்துக் கார் கொட்டகை இருக்கிறது. ஆறு வருஷமாக அதில் ஒற்றை இருக்கை விமானம் ஒன்றைக் கட்டிக்கொண்டிருக்கிறேன். எல்லாம் அலுமினியத் தகடும் ரிவெட்டும்தான். ஊரில் சிரிக்காத ஆள் கிடையாது. மும்பையில் அமோல் யாதவ் மொட்டை மாடியிலேயே விமானம் கட்டி 2017இல் பதிவும் வாங்கினார் என்று சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம். சரி, அது வேறு கதை.

எனக்கு வேண்டியிருந்தது 2கே பியூ, அதாவது இரண்டு பாகமாக வரும் பாலியூரிதேன் பெயிண்ட். அடிக்கிற நேரத்தில் பெயிண்டையும் ஹார்ட்னரையும் கலக்க வேண்டும், இரண்டும் வினைபுரிந்து இறுகும். நன்றாக இறுகிவிட்டால் பெட்ரோல் சிந்தினாலும் லேசில் அசையாது. பழைய கட்டிலிலிருந்து புது டிவி வரைக்கும் விற்கிற ஒரு ஆன்லைன் தளத்தில் "விமானத் தரம்" என்று போட்டு ஒருவன் விற்றுக்கொண்டிருந்தான். நம்பர் இருந்தது. பேசினேன்.

நான் விழுந்த இடத்தைச் சொல்கிறேன். விலை பேசும் முன்னாலேயே அவன் கேட்டான்: "அண்ணே, ரடர், எலிவேட்டரெல்லாம் பேலன்ஸ் பண்ணியாச்சா? பண்ணியிருந்தாலும் பெயிண்ட் அடிச்சதும் திரும்பப் பண்ணணும், தெரியும்ல?"

தெரியும். இரண்டும் வாலில் கீல் வைத்து அசைகிற பலகைகள். கீலுக்குப் பின்பக்கம் பெயிண்டின் எடை ஏறினால் சமன் கெட்டுவிடும், வேகத்தில் ரடர் படபடவென்று அடித்துக்கொள்ள ஆரம்பிக்கும், வாலே பிய்ந்து போகலாம். ஆனால் ஆறு வருஷத்தில் என்னிடம் இப்படி ஒரு கேள்வி கேட்டவர் இந்த வட்டாரத்தில் ஒருவர்கூட இல்லை. "இது பறக்குமா?" என்பது ஒன்றுதான் எல்லோருக்கும் கேள்வி. உருகிவிட்டேன். அரை மணி நேரம் பேசினோம். கூடப்பிறந்த தம்பியிடம்கூட நான் அவ்வளவு பேசியதில்லை.

அப்புறம் வந்தது விஷயம். "தளத்துல ஆர்டர் போட்டா கமிஷன் போயிடும்ணே. நேரா ஜீபே பண்ணுங்க, லாரி பார்சல்ல ஏத்திடறேன்." தீப்பிடிக்கும் சரக்கைக் கூரியரில் எடுக்க மாட்டார்கள், ஆகவே லாரி பார்சல் என்றது சரியாகத்தான் பட்டது. ஜீபேயில் வேறு பெயர் காட்டியது. "தங்கச்சி அக்கவுண்ட்ணே" என்றான். ஒரே தட்டில் ₹38,400 அனுப்பிவிட்டேன்.

டின்கள் வந்தன. மேலே புதிதாக ஒட்டிய லேபிள், பேட்ச் எண் இல்லை, தேதி இல்லை. பார்த்தேன், பார்த்தும் மனது கேட்கவில்லை. ரடர் பற்றிக் கேட்டவன் ஆயிற்றே.

மழை பிடிக்கும் முன் முடிக்க வேண்டும் என்று இரண்டு நாள் எமரி தேய்த்து, செம்மண் தூசி எழாமல் தரையை நனைத்து, வாசலில் ஈரச் சாக்குக் கட்டி, கம்ப்ரசருக்குத் தண்ணீர் பிரிக்கும் ஃபில்டர் மாட்டி, இரண்டுக்கு ஒன்று கலந்து அடித்தேன். சாயங்காலம் ஆத்தா வந்து பார்த்து, "நம்ம பட்டாலைச் சுவரு மாதிரியில்லப்பா மின்னுது" என்றது. அந்தக் கூடத்துச் சுவர் சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும் வைத்து இழைத்தது. ஆத்தா கல்யாணமாகி வரும்போதே அது பழைய சுவர், இன்றைக்கும் முகம் பார்க்கலாம்.

என் பெயிண்டில் நாலாம் நாள் கட்டைவிரலை வைத்தேன், ரேகை பதிந்தது. கலந்து மிச்சம் வைத்திருந்த கப்பைப் பார்த்தேன், தண்ணீராகவே இருந்தது. உண்மையான 2கே சில மணி நேரத்திலேயே கெட்டியாகிவிடும், மறுநாள் கப்போடு கல்லாகக் கிடக்கும். ஹார்ட்னரை மட்டும் ஒரு ஆத்தங்குடிக் கல்லில் நாலு சொட்டு விட்டு வைத்தேன். நிஜ ஹார்ட்னர் காற்றின் ஈரத்திலேயே ஏடு கட்டி இறுகும். காலையில் கல்லில் ஒன்றுமே இல்லை, ஆவியாகிப் போயிருந்தது. தின்னர்! பெயிண்ட் டின்னின் லேபிளை உரித்தால் உள்ளே கேட்டுக்கு அடிக்கிற சாதாரண எனாமல். ₹38,400க்கு கேட் பெயிண்ட்.

கூப்பிட்டேன். முதல் நாள் "ஈரப்பதம்ணே". மறுநாள் "உங்க கம்ப்ரசர்ல தண்ணி வந்திருக்கும்". அடுத்து "நாசில் 1.4ஆ? 1.3ல அடிச்சிருக்கணும்". போட்டோ கேட்டான், அனுப்பினேன். வீடியோ கேட்டான், அதையும் அனுப்பினேன். அப்புறம் அண்ணே "சார்" ஆனது. அதற்கு அப்புறம் ஸ்விட்ச் ஆஃப். அந்தத் தளத்தின் உதவி எண்ணில் ஆர்டர் எண் கேட்டார்கள். ஆர்டரே போடவில்லையே, எண்ணுக்கு எங்கே போவது?

இன்னொன்று. "மாஸ்க் என்ன போடணும்?" என்று கேட்டதற்கு, "கார்பன் மாஸ்க் போதும்ணே" என்றிருந்தான். அதையே போட்டுத்தான் அடித்தேன். நிஜ 2கே ஹார்ட்னரில் ஐசோசயனேட் என்ற ரசாயனம் இருக்கும். ஃபில்டர் தாண்டி வந்தாலும் வாசனையில் தெரியாது, ஒரு தடவை ஒத்துக்கொள்ளாமல் போனால் ஆஸ்துமாவாக நின்றுவிடலாம். வெளியிலிருந்து சுத்தக் காற்று வரும் மாஸ்க்தான் வேண்டும் என்று இப்போதுதான் படித்தேன். கொட்டகைப் புகை நேராக ஆத்தா படுக்கிற கட்டுக்குத்தான் போகும். போலிச் சரக்கைக் கொடுத்து எங்கள் மூச்சைக் காப்பாற்றியிருக்கிறான் அந்தப் புண்ணியவான்!

எச்சரிக்கை விரிவாக எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன், கை நடுங்குகிறது. தளத்துக்கு வெளியே பணம் அனுப்பாதீர்கள். பேட்ச் எண், தேதி இல்லாத டின்னைத் திறக்காமலே திருப்புங்கள். கொஞ்சம் கலந்து கப்பில் ஒரு ராத்திரி வைத்துப் பார்க்காமல் தகட்டில் அடிக்காதீர்கள். பணம் போனால் உடனே சைபர் மோசடிப் புகார் எண் 1930க்குக் கூப்பிடுங்கள், நான் ஒன்பது நாள் அவன் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டுத்தான் கூப்பிட்டேன்.

இதன் மேலேயே இன்னொரு கோட் அடிக்கவும் முடியாது, எடை ஏறும். ரிவெட் இடுக்கில் பெயிண்ட் உரிக்கிற மருந்து இறங்காமல் அத்தனையையும் வழிக்க வேண்டும். ரடரை மட்டும் தொடவில்லை, கட்டைவிரல் ரேகையோடு அப்படியே இருக்கிறது. கேட்டால் காட்டலாம்.