சாட்ஸ்வர்த் டிராவல்ஸ் கடையில் குடும்பத்துக்கு டிக்கெட் எடுத்த கதை

தென்னாப்பிரிக்காவின் டர்பனிலிருந்து சென்னைக்கு நேர் விமானம் இல்லை. துபாய் போன்ற ஓர் ஊரில் இறங்கி மாற வேண்டும். கைக்குழந்தையோடு டிசம்பர் விடுமுறையில் கிளம்பினால் விலையைப் பார்த்தே தலை சுற்றும். அதனால் இந்த முறை, டர்பனின் சாட்ஸ்வர்த் பகுதியில் பங்களாதேஷ் மார்க்கெட் பக்கம் இருக்கும் சின்ன டிராவல்ஸ் கடைக்குப் போனோம்.

கடைக்கார அங்கிள் முதலில் கேட்டது பிள்ளைகளின் பிறந்த தேதியைத்தான். சின்னவனுக்கு ஜனவரியில் இரண்டு வயது முடிகிறது. போகும்போது மடியில் உட்காரலாம், பெரியவர் கட்டணத்தில் பத்தில் ஒரு பங்குதான். திரும்பும்போது தனி சீட் வாங்கியே ஆக வேண்டும். "பொங்கல் கழிச்சு வரணுமா, முன்னாடியே வந்துட்றீங்களா?" என்று கேட்டுவிட்டுத் திரையை எங்கள் பக்கம் திருப்பினார். பெரியவளுக்குச் சிறுவர் சலுகை உண்டு, ஆனால் அது அடிப்படைக் கட்டணத்துக்கு மட்டும். கீழே வரிசையாக நின்ற எரிபொருள் சர்சார்ஜில் ஒரு ராண்ட்கூடக் குறையவில்லை. அரை டிக்கெட் என்று நாம் நினைப்பது ஏன் முக்கால் டிக்கெட்டுக்கு மேலேயே நிற்கிறது என்பது அப்போதுதான் விளங்கியது.

செவ்வாய், புதன் பார்த்துக் கிளம்பச் சொன்னார். பழைய உத்திதான். அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 1948இல் குடும்பக் கட்டணம் கொண்டுவந்தபோதும் வாரத் தொடக்கத்துக்குத்தான் கொடுத்தது: குடும்பத் தலைவருக்கு முழு டிக்கெட், மனைவி மக்களுக்குப் பாதி. காலி சீட்டை நிரப்ப வேண்டுமே! அந்தக் காலத்தில் சர்வதேச விமானங்களுக்கு, விமான நிறுவனங்களின் சங்கமான ஐயாட்டா கூடிப் பேசி வைத்ததுதான் விலை; எந்தக் கம்பெனிக்குப் போனாலும் பெரிய வித்தியாசம் இருக்காது. குழந்தைக்குப் பாதி என்றாலும், அந்தப் பாதியே சாமானியக் குடும்பத்துக்கு எட்டாது.

இங்குள்ள தமிழர்களுக்கு அதுவும் வாய்க்கவில்லை. 1946இல் இந்தியா தென்னாப்பிரிக்காவோடு வணிகத்தை நிறுத்திக்கொண்டது, தூதரக உறவு திரும்பியது 1993இல். அங்கிளின் அப்பா ஊரைப் பார்க்கப் போனது கரஞ்சா கப்பலில், பம்பாய் வரை. அப்புறம் மெட்ராஸுக்கு ரயில். அதைச் சொல்லும்போது அவர் கை கீபோர்டில் தட்டிக்கொண்டேதான் இருந்தது.

குறைகளும் உண்டு. டிக்கெட்டுக்கு 350 ராண்ட் சேவைக் கட்டணம். எங்களுக்கு டிக்கெட் விலையில் மிச்சமானதில் அது ஈடாகிவிட்டது, ஒற்றை ஆளாகப் போகிறவருக்கு வீண்தான். வாட்ஸ்அப்பில் கேட்டால் மறுநாள்தான் பதில். அதற்குள் விலை ஏறினால் அது நம் தலையில். சீட்டுகளைச் சேர்த்துப் போடும்படி நீங்களே நினைவூட்ட வேண்டும். எங்களை முதலில் இரண்டு வரிசையில் பிரித்துப் போட்டிருந்தார், கேட்ட பிறகு மாற்றினார்.

பிள்ளைகளோடு போகிறவர்கள் தாராளமாகப் போகலாம். மார்க்கெட் கூடும் நாளில் மட்டும் வேண்டாம், வண்டி நிறுத்த இடம் கிடைக்காது.