பஃபர் வட்டமா, வீதி வலையமைப்பா?

ஒரு வைத்தியசாலையிலிருந்து 5 கிலோமீற்றருக்குள் எந்தெந்த ஊர்கள்? கியூஜிஐஎஸ் (QGIS) என்ற வரைபட மென்பொருளில் இதற்கு இரண்டு வழி. பஃபர், நேர்கோட்டுத் தூரத்தில் வட்டம் போட்டுவிடும். வலையமைப்புப் பகுப்பாய்வு வீதி வழியே அளக்கும்.

பஃபருக்கு ஒரு புள்ளி போதும், சில நொடி வேலை. வரைபடத்தை மட்டும் முதலில் மீற்றர் கணக்குக்கு மாற்றிக்கொள்ளுங்கள். அகலக்கோடு, நெடுங்கோட்டுப் பாகையிலேயே விட்டு 5 என்று கொடுத்தால் வட்டம் இலங்கையையே விழுங்கிவிடும்; 1 பாகை ஏறத்தாழ 111 கிலோமீற்றர்! வாவிக்கரையிலிருந்து 100 மீற்றருக்குள் என்ன கட்டடங்கள் என்று பார்க்க பஃபரே சரி.

ஆனால் மட்டக்களப்பில் ஆட்கள் போய்வரும் தூரத்தை இதை வைத்து அளக்காதீர்கள். வட்டத்துக்கு வாவி தெரியாது. வாவியின் கிழக்கே எழுவான்கரையில் புள்ளி வைத்தால் எதிரே மேற்கிலுள்ள படுவான்கரையும் உள்ளே வந்து உட்கார்ந்துகொள்ளும். 2014இல் மண்முனைப் பாலம் திறக்கும்வரை கொக்கட்டிச்சோலைப் பக்கம் போக அங்கே பாதையில் ஏற வேண்டியிருந்தது (நம்மூரில் பாதை என்றால் படகும்தான்). பாலத்துக்கு முன்னும் பின்னும் வட்டம் ஒன்றே. வலையமைப்பிலோ பாலத்துக்கு ஒரு கோட்டைச் சேர்த்ததும் விடை மாறும். மாரியில் வெள்ளம் மூடிய வீதியை நீக்கிவிட்டும் மறுபடி ஓட்டிப் பார்க்கலாம்.

அதற்குப் பாடு உண்டு. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற இலவச இணைய வரைபடத்தில் வீதிகளை எடுத்தபின், சந்திகளில் கோடுகள் உண்மையில் ஒட்டியிருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். அப்புறம், வழியில் படகும் இருந்தால், அதற்குக் காத்திருக்கும் நேரத்தை நீங்களே சேர்க்க வேண்டும்.