தனுஷ்கோடி பேய்க்கதை டூர்: ஊரைப் பாருங்கள், பேயை விடுங்கள்

ராமேஸ்வரத்தில் வேனில் ஏற்றிக்கொண்டு போய் தனுஷ்கோடியைச் சுற்றிக் காட்டி, கூடவே பேய்க்கதையும் சொல்கிற டூர் ஒன்றில் குடும்பத்தோடு போனோம். பெயர் வேண்டாம். ஐந்துக்கு இரண்டரை கொடுக்கலாம், அதுவும் ஊருக்காகத்தான்.

இடிந்த சர்ச், ரயில் நிலையத்தின் மிச்சம் என்று எங்கேயும் அவசரப்படுத்தாமல் நிறுத்தினார்கள், அது நல்ல விஷயம். சர்ச் சுவர் பவளப்பாறைக் கல்லால் கட்டியது, கிட்டே போய்ப் பாருங்கள். அந்தக் காலத்தில் போட் மெயில் என்கிற ரயிலில் வந்து இங்கே இறங்கி, கப்பல் ஏறி தலைமன்னார் போய், அங்கிருந்து மறுபடி ரயிலில் கொழும்பு போவார்கள் என்பதை வழிகாட்டித் தம்பி அழகாகச் சொன்னார். அதோடு நிறுத்தியிருக்கலாம்.

அப்புறம் ஆரம்பித்தது பேய். 1964 டிசம்பர் 22 இரவு பாம்பனிலிருந்து கிளம்பிய 653-ஆம் எண் பாசஞ்சர் ரயில், தனுஷ்கோடியை நெருங்கும்போது புயல் அலையில் அப்படியே கடலுக்குள் போனது, அதில் இருந்த 100-க்கும் மேற்பட்டவர்களில் ஒருவரும் பிழைக்கவில்லை. இதற்கு மேல் என்ன பயமுறுத்த வேண்டும்? ஆனால் இவர் கடைசிப் பெட்டியில் ஒரு கல்யாணப் பெண் இருந்தாள், அவள் கடைசியாக என்ன சொல்லி அழுதாள் என்று வசனத்தோடு சொல்கிறார், நடுவில் செல்போனிலிருந்து ரயில் ஊதுகிற சத்தம் வேறு. ஒருவர்கூடத் தப்பாத ரயிலுக்குள் யார் என்ன பேசினார்கள் என்று இவருக்கு யார் வந்து சொன்னது? கேட்டேன். "பெரியவங்க சொல்லுவாங்க சார்" என்று சிரித்துக்கொண்டு அடுத்த இடத்துக்குக் கிளம்பிவிட்டார்.

ஆளே இல்லாத ஊர் மாதிரிப் பேசுவதும் எனக்குப் பிடிக்கவில்லை. புயலுக்குப் பிறகு வாழத் தகுதியற்ற இடம் என்று அரசு அறிவித்தது உண்மைதான், ஆனால் மீனவக் குடும்பங்கள் இன்னமும் அங்கே குடிசை போட்டு இருக்கிறார்கள். பேய் பிடித்த வீடு என்று இவர் கைகாட்டிய இடத்துக்குப் பக்கத்திலேயே ஒரு அம்மா கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்தார், பக்கத்தில் பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் காதில் விழும்படி இப்படிப் பேச எப்படித்தான் மனசு வருகிறதோ.

சரி, போகலாமா? ஊருக்குக் கட்டாயம் போங்கள், இந்த டூரில் வேண்டாம். 2017-இலேயே நிலம் முடிகிற அரிச்சல்முனை வரை தார்ச்சாலை வந்துவிட்டது, அரசுப் பேருந்தும் ஓடுகிறது. நிழலே கிடையாது, அதனால் காலையிலேயே கிளம்புங்கள், தண்ணீர் பாட்டில், தொப்பி எடுத்துக்கொள்ளுங்கள். பொழுது சாய்ந்தால் போலீஸ் எல்லோரையும் திருப்பி அனுப்பிவிடுவார்கள், அதனால் ராத்திரியில் கூட்டிப்போய்ப் பேய் காட்டுகிறேன் என்று யாராவது முன்பணம் கேட்டால் கொடுத்துவிடாதீர்கள்.