அவுட்போர்டு எஞ்சின் அலாரம்: வயரை வெட்டிவிட்டு "சரி பண்ணியாச்சு" என்கிறார்கள், கவனம்

பாக் நீரிணைக் கரையில் அவுட்போர்டு எஞ்சின் (படகின் பின்னால் வெளியே மாட்டும் எஞ்சின்) வைத்துத் தொழில் பார்ப்பவர்கள் தயவுசெய்து இதை முழுசாகப் படியுங்கள். பழுது பார்க்கக் கொடுத்த எங்கள் எஞ்சினில் பழுதைத் தொடாமல், பழுதைச் சொல்லும் அலாரத்தின் வயரை வெட்டிவிட்டுப் பணம் வாங்கியிருக்கிறார்கள். எஞ்சின் நடுக்கடலில் ஜாம் ஆன பிறகுதான் அது தெரிய வந்தது.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். நாட்டுப்படகு மீனுக்கு நல்ல விலை கிடைப்பது அப்போதுதான். அந்த நேரம் பார்த்து அலாரம் விடாமல் கத்த ஆரம்பித்தது. வெப்பத்துக்கான சிவப்பு விளக்கு எரிந்தது. ஆக்சிலேட்டரை எவ்வளவு முறுக்கினாலும் 2000 ஆர்பிஎம்முக்கு மேல் ஏறவில்லை. எஞ்சின் சூடானால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், அதற்காகத்தான் அந்த அமைப்பே இருக்கிறது. மச்சான் மெதுவாகவே ஓட்டிக் கரை சேர்த்தார். நேராக ஒர்க்ஷாப்பில் கொண்டுபோய்க் கொடுத்தோம்.

"சென்சார் கம்ப்ளெயின்ட் அண்ணே, இந்த உப்புத் தண்ணிக்கு இது சகஜம்" என்றார் மெக்கானிக். வாட்டர் பம்ப் கிட், சென்சார், சர்வீஸ் என்று பில் போட்டார். பழைய பாகங்களைக் கேட்டதற்கு, குப்பையில் போட்டுவிட்டதாகப் பதில் வந்தது. அதோடு விட்டாரா? டிரம்மில் தண்ணீர்கூட வைக்காமல் எஞ்சினை ஸ்டார்ட் செய்து, "பாருங்க, சத்தமே இல்ல" என்று காட்டினார். நான் சத்தம் போட்ட பிறகுதான் நிறுத்தினார். தண்ணீர் இல்லாமல் ஓடினால் பம்புக்குள் தண்ணீரைத் தள்ளும் ரப்பர் சக்கரமான இம்பெல்லர் கொஞ்ச நேரத்திலேயே கருகிவிடும். வருடக்கணக்காக இந்தத் தொழிலில் இருப்பவருக்கு இது தெரியாமல் இருக்காது.

அதன் பிறகு எஞ்சின் பிரமாதமாக ஓடியது. ஓடத்தான் செய்யும், வேகத்தைத் தடுக்கும் வயரே இல்லையே! பிறகு ஒரு நாள், கச்சான் காற்று பலமாக இருந்தபோது, கருகிய வாடை வந்து எஞ்சின் அப்படியே நின்றுவிட்டது. அதற்கு முன் ஒரு பீப் சத்தம்கூட இல்லை. இந்தியாவுக்கும் இலங்கைக்கும் நடுவே 1974-இல் எல்லைக்கோடு போட்ட கடல் இது. தென்மேற்கிலிருந்து வீசும் கச்சான், எஞ்சின் நின்ற படகை எந்தப் பக்கம் தள்ளும், அங்கே போனால் என்ன நடக்கும் என்று இந்தக் கரையில் யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. பக்கத்தில் வலை போட்டிருந்தவர்கள் கயிறு போட்டு இழுத்து வந்ததால் ஆட்கள் பத்திரமாக வீடு வந்தார்கள்.

வேறொரு பெரியவர் எங்கள் கண் முன்னால் மூடியைக் கழற்றினார். வெப்பச் சுவிட்சிலிருந்து வரும் வயர் வெட்டப்பட்டு, முனையில் இன்சுலேஷன் டேப் சுற்றியிருந்தது. எங்களுடையது கார்புரேட்டர் வைத்த பழைய ஃபோர் ஸ்ட்ரோக். சூடு ஏறினால் அந்தச் சுவிட்ச் எர்த் ஆகும், உடனே பஸ்ஸர் அடிக்கும். வயர் இல்லையென்றால் எஞ்சின் எரிந்தாலும் அது வாயைத் திறக்காது. பில்லில் "புதுசு" என்று போட்ட இம்பெல்லர் பழையதேதான், இறக்கைகள் ஒடிந்திருந்தன. எஞ்சின் சூடானதும் திறந்து தண்ணீரை ஓட விடும் வால்வான தெர்மோஸ்டாட் உப்புப் படிந்து மூடியபடியே கெட்டியாகியிருந்தது. ஹெட் கேஸ்கட் போய்விட்டது, பிஸ்டனிலும் கோடு விழுந்திருக்கிறது.

போய்க் கேட்டோம். "கடல்ல ஓடும்போது தண்ணி நல்லா அடிச்சுதே, நீங்கதானே பாத்தீங்க" என்கிறார். இந்தப் பேச்சில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறோம். எஞ்சின் பின்னால் பீய்ச்சும் தண்ணீர், பம்ப் ஏதோ தண்ணீர் இழுக்கிறது என்பதை மட்டும்தான் காட்டும். பல மாடல்களில் அந்தத் தண்ணீர் தெர்மோஸ்டாட்டைத் தாண்டி வருவதில்லை. தெர்மோஸ்டாட் திறக்கவே இல்லை என்றாலும் வெளியே நன்றாகத்தான் பீய்ச்சும். தொட்டுப் பார்த்து எதையும் முடிவு செய்ய முடியாது. தெர்மோஸ்டாட்டைக் கழற்றி வெந்நீரில் போட்டுப் பாருங்கள். மாடலைப் பொறுத்து 50, 60 டிகிரி வாக்கில் திறக்க வேண்டும்.

அலாரம் அடித்தால் முதலில் எந்த விளக்கு என்று பாருங்கள். வெப்ப விளக்கு என்றால் வேகத்தைக் குறைத்து, பீய்ச்சும் தண்ணீரைப் பார்க்க வேண்டும். வரவில்லையா, எஞ்சினை அணைத்துத் தூக்குங்கள். நம் கடலில் கடல்புல்லும் பிளாஸ்டிக் பையும் தண்ணீர் இழுக்கும் வாயை அடைப்பது அடிக்கடி நடக்கும். ஆழம் குறைந்த இடத்தில் மணலும் ஏறும். பீய்ச்சும் ஓட்டையில் உப்பு அடைத்திருந்தால் மெல்லிய கம்பியால் குத்தினாலே போதும். ஆயில் விளக்கு என்றால் யோசிக்கவே வேண்டாம், அந்த நொடியே அணைத்துவிடுங்கள். அளவு சரியாக இருந்தும் விளக்கு எரிந்தால், ஆயில் அழுத்தம் இல்லை என்று எடுத்துக்கொண்டு ஸ்டார்ட் செய்யாமல் இழுத்து வாருங்கள்.

ஒர்க்ஷாப்பில் எஞ்சினைத் திரும்ப வாங்கும்போது பழைய இம்பெல்லரைக் கையில் வாங்காமல் பணம் கொடுக்காதீர்கள். எங்களுடையதைப் போல வெறும் சுவிட்ச் உள்ள மாடல் என்றால், எஞ்சின் தண்ணீரில் ஓடும்போது வெப்பச் சுவிட்சின் வயரை எஞ்சினின் உலோக உடம்பில் (பிளாக்கில்) தொடச் சொல்லுங்கள். பஸ்ஸர் அடிக்க வேண்டும். அடிக்கவில்லை என்றால் காரணம் கேளுங்கள்.

பில், வெட்டிய வயரின் போட்டோ, உடைந்த இம்பெல்லர் எல்லாம் பத்திரமாக வைத்திருக்கிறோம். நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் கொடுத்தாயிற்று. பணம் திரும்பவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவோம். அதற்கு 2 வருடம் அவகாசம் இருக்கிறது. புகார் நடப்பதால் கடைப் பெயரை இங்கே போடவில்லை. சமீபத்தில் அலாரத்துக்காக எஞ்சினைக் கொடுத்து, சத்தம் இல்லாமல் திரும்ப வாங்கியவர்கள் யாராக இருந்தாலும், அடுத்து கடலுக்கு இறங்கும் முன் மூடியைத் திறந்து அந்த வயரைப் பார்த்துவிடுங்கள்.