காற்று மேடையா, ரோபோ கையா? செயற்கைக்கோள் இணைப்பைத் தரையில் சோதிக்க எது தோது?

2025 ஜனவரி 16 அன்று இஸ்ரோவின் ஸ்பேடெக்ஸ் திட்டத்தின் இரண்டு செயற்கைக்கோள்களும் விண்ணில் இணைந்தன. தலா 220 கிலோ எடை. நெருங்கிய வேகமோ நொடிக்கு 10 மில்லிமீட்டர் அளவில்தான். எறும்பு ஊரும் இந்த வேகத்தைத் தரையில் உண்டாக்குவதுதான் பெரும்பாடு. காரைக்குடிப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரி இதற்கென ஆய்வகம் அமைத்தால், கைக்கு எட்டும் வழி இரண்டு.

முதலாவது காற்று மேடை. மாதிரிக் கோளாக ஒரு வண்டி, அதன் அடியில் மூன்று காற்றுத் தாங்கிகள், மேலே சிலிண்டர், ரெகுலேட்டர். 5 முதல் 10 மைக்ரான் காற்றுப் படலத்தில் வண்டி மிதக்கும். உராய்வு இல்லை என்றே சொல்லலாம். இந்தப் பக்கத்து வீடுகளின் முகப்பில் பதித்த ஆத்தங்குடிக் கல் கண்ணாடிமேல் வார்த்தது, வழவழப்புக்குக் குறைவில்லை. ஆனாலும் இதற்கு உதவாது. இரண்டு கல் சேரும் கோட்டில் காற்று ஒழுகி, தாங்கி தரை தட்டும். 12 மி.மீ. கண்ணாடிப் பலகை ஒன்றே போதும். நான்கு மூலையில் மட்டும் முட்டுக்கொடுத்தால் நடுவில் தொய்யும். கெட்டியான படுகைமேல் முழுக்கப் படிய வைத்து, படுகையின் அடியில் திருகுகள் பொருத்த வேண்டும்.

எல்லாம் மட்டத்தில்தான் இருக்கிறது. மீட்டருக்கு அரை மி.மீ. சரிவு கொத்தனாரின் ரசமட்டத்தில் தெரியாமலே போகலாம். மிதக்கும் வண்டிக்கோ நொடிக்கு நொடி 4.9 மி.மீ. வேகம் கூடும். இரண்டே நொடியில் அது தானாகவே இணைப்பு வேகத்தைத் தொட்டுவிடும். த்ரஸ்டர் (வாயுவைப் பீய்ச்சி வண்டியைத் தள்ளும் கருவி) செய்த வேலை எது, சரிவு செய்தது எது என்று பிரிக்க முடியாது. சரிவை 0.02 மி.மீ.க்குக் கொண்டுவந்தால் அதே வேகத்துக்கு 50 நொடி ஆகும். மெஷின் லெவல் வைத்துச் சரிசெய்த பிறகு, ஐந்து இடங்களில் வண்டியை அசையாமல் விட்டு மொபைலில் வீடியோ எடுங்கள். எந்தப் பக்கம் நகர்கிறதோ அந்தப் பக்கத் திருகை ஏற்றுங்கள். இந்த ஊர்ச் செம்மண் தூசி ஒரு துகள் போதும், தாங்கி சிக்கிக்கொள்ளும். ஒவ்வொரு ஓட்டத்துக்கு முன்பும் பஞ்சு உதிராத துணியால் துடைக்க வேண்டும்.

குறை என்றால், வண்டி தரைமட்டத்தில் நகர்ந்து திரும்பும், அவ்வளவே. தலை கவிழ்வதும் பக்கவாட்டில் சாய்வதும் கிடையாது.

இரண்டாவது ரோபோ கை. இதில் ஆறு வகை அசைவும் உண்டு. கேமரா, லேசர், சூரிய ஒளி போல் வீசும் விளக்கு என எல்லாவற்றையும் வைத்து நெருங்கும் கட்டத்தைச் சோதிக்க இதற்கு ஈடில்லை. ஜெர்மன் விண்வெளி மையத்தின் ஈபாஸ் (EPOS) சோதனைக் கூடத்தில் இரண்டு ரோபோக்கள், அவற்றில் ஒன்று 25 மீட்டர் தண்டவாளத்தில் ஓடுகிறது.

இடிக்கும் கணத்தில்தான் ரோபோ பொய் சொல்கிறது. விசையை உணர்ந்து, கணித்து, கையை நகர்த்துவதற்குள் 20 மில்லிநொடி தாமதம் என்று வைத்துக்கொள்வோம். கணக்கில் வரும் நிறை 110 கிலோ (சம நிறையுள்ள இரண்டு மோதும்போது ஒன்றின் பாதி), தொடும் பகுதியின் விறைப்பு மீட்டருக்கு 10,000 நியூட்டன் என்றால், 10 மி.மீ. வேகத்தில் இடித்தது 13.5 மி.மீ. வேகத்தில் விலகும். இல்லாத ஆற்றலைத் தாமதமே ஊட்டிவிடுகிறது. மணிக்கட்டில் ஸ்பிரிங் வைத்து அடக்கலாம். பிறகு அளப்பது அந்த ஸ்பிரிங்கைத்தான்.

ஆகவே ஒன்றுக்குத்தான் பணம் என்றால் மேடையே எங்கள் தேர்வு. 15 கிலோ வண்டிகள் இரண்டு போதும். கணக்கில் வரும் நிறை 7.5 கிலோவாகக் குறைவதால், விறைப்பையும் அதே விகிதத்தில் மீட்டருக்கு 680 நியூட்டன் அளவுக்குக் குறையுங்கள். தொட்டு விலகும் நேரம் மாறாது.