பெட்டி ஒரிஜினல், உள்ளே இருந்தது டூப்ளிகேட்: பிரேக் பேட் வாங்குபவர்கள் கவனத்துக்கு

பழைய ஸ்கார்ப்பியோ, சஃபாரி, குவாலிஸ், பொலேரோ என்று பெரிய வண்டி வைத்துக்கொண்டு, வேலையையும் தாங்களே பார்த்துக்கொள்கிற ஆட்கள் தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் நிறைய இருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இந்தப் பதிவு. கிருஷ்ணகிரியில் ஒரு உதிரிபாகக் கடையில், கம்பெனிப் பெட்டியில் போட்டு எனக்குப் போலி பிரேக் பேட் விற்றார்கள். சக்கரத்தோடு சுற்றுகிற டிஸ்க்கை இரண்டு பக்கமும் நெருக்கிப் பிடித்து வண்டியை நிறுத்துவதுதான் பேட். கேட்கப் போனபோது, "நீங்களே மாட்டிக்கிட்டதுக்கு நாங்க எப்படிங்கண்ணா பொறுப்பு?" என்று என் தலையிலேயே கட்டப் பார்த்தார்கள். புகார் நிலுவையில் இருப்பதால் கடைப் பெயரையும் பேட் கம்பெனியின் பெயரையும் இங்கே போடவில்லை. நடந்தது மட்டும் அப்படியே.

என் வண்டி 2010 மாடல் ஸ்கார்ப்பியோ, எம்ஹாக் இன்ஜின். வீடு காரிமங்கலம் பக்கம். ஆயில், ஃபில்டர், பெல்ட், புஷ், பிரேக் எல்லாம் வாசல் வேப்பமரத்தடியில் நானேதான் பார்ப்பேன். காசை மிச்சம் பிடிக்க மட்டும் இல்லை. எந்த போல்ட்டை எவ்வளவு முறுக்கினேன் என்பது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். வீட்டு ஆட்களை ஏற்றிக்கொண்டு போகிற வண்டி அது.

முன் சக்கர பேட் தேய்ந்துவிட்டதால் கடைக்குப் போனேன். கவுண்டரில் இரண்டு பெட்டியை வைத்தார்கள். "லோக்கல் 750, கம்பெனி 1,900, எது வேணும்ணா?" கம்பெனியையே எடுத்தேன். பெட்டியில் ஹாலோகிராம் இருந்தது, பார்ட் நம்பர் இருந்தது, தயாரித்த மாதம், எம்ஆர்பி எல்லாம் இருந்தது. பில் கேட்டதும், "எஸ்டிமேட் போதும்லண்ணா, பில்லுன்னா வரி ஏறும்" என்றார்கள். இதை எல்லா ஊரிலும் சொல்கிறார்கள், தயவுசெய்து கேட்காதீர்கள். எம்ஆர்பி என்பது எல்லா வரியும் சேர்ந்த விலை, அதற்கு மேல் ஒரு ரூபாய் வாங்க யாருக்கும் உரிமை இல்லை. 2025 செப்டம்பர் 22 முதல் வண்டி உதிரிபாகங்களுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம், அதற்கு முன் பெரும்பாலானவற்றுக்கு 28. அந்த வரி விலைக்குள்ளேயே இருக்கிறது. நான் விடாமல் நின்று ஜிஎஸ்டி பில் வாங்கினேன். வெறும் "பிரேக் பேட்" என்று போட்டிருந்ததைத் திருத்தி பார்ட் நம்பரும் போடச் சொன்னேன். பணத்தை போனில் அனுப்பினேன். இன்றைக்கு நான் நின்று பேச முடிகிறது என்றால் அந்த ஒரு தாளால்தான்.

மாட்டியதில் குறை வைக்கவில்லை. வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தி, பேடை டிஸ்க்கோடு நெருக்குகிற காலிப்பரைக் கழற்றி, ஸ்லைடு பின்னைத் துடைத்து அதற்குரிய சிலிகான் கிரீஸ் வைத்து, பிரேக் ஆயில் டப்பா மூடியைத் திறந்துவிட்டு, சி-கிளாம்பால் பிஸ்டனை மெல்ல உள்ளே தள்ளி, பேட் போட்டு, சரியான அளவுக்கு முறுக்க உதவும் டார்க் ரெஞ்சால் முறுக்கினேன். வண்டியை நகர்த்துவதற்கு முன் பெடலை மிதித்து மிதித்துப் பிஸ்டனைப் பேடோடு சேர்த்தேன். அப்புறம் ஆளில்லாத ரோட்டில், வேகம் எடுத்துப் பாதியாகக் குறைத்து, ஆறவிட்டு, மறுபடி எடுத்து, புதுப் பேடைப் பழக்கினேன். காரிமங்கலம், பாலக்கோடு, காவேரிப்பட்டினம் என்று சமவெளி ரோட்டில் ஒரு குறையும் தெரியவில்லை. பயப்பட வேண்டியதே இதற்குத்தான். சூடேறாத வரை போலிப் பேடும் நல்ல பேட் போலவே பிடிக்கும்.

அம்மாவை சேலம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போன அன்றைக்குத்தான் குட்டு வெளிப்பட்டது. பாளையம் டோல்கேட் தாண்டி தொப்பூர் கணவாய் இறக்கம். இந்தப் பக்கத்து ஆட்களுக்கு அந்த இடத்தைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. 2020 டிசம்பரிலும் 2024 ஜனவரியிலும் இரட்டைப் பாலம் பக்கம் வண்டிகள் அடுத்தடுத்து மோதி உயிர்கள் போனதை எல்லாரும் பார்த்தோம். அதனால் எப்போதும் போல கியரைக் குறைத்து, இன்ஜின் பிடிப்பிலேயே இறங்கினேன். முன்னால் ஒரு லாரி ஊர்ந்துகொண்டிருந்ததால் அவ்வப்போது பிரேக் தொட வேண்டியிருந்தது. கட்டமேடு தாண்டியதும் பெடல் கல்லு மாதிரி நின்றது, வண்டி மட்டும் நிற்கவில்லை. ரப்பரும் பிசினும் சேர்ந்து கருகுகிற நாற்றம் உள்ளே வந்தது. "என்னடா கண்ணு, ஏதோ தீயற நாத்தம் வருது" என்றார் அம்மா. ரெண்டாம் கியருக்கு இறக்கினேன். ஹேண்ட்பிரேக் பட்டனை அழுத்திப் பிடித்தபடியே கொஞ்சம் கொஞ்சமாக இழுத்தேன். அது பின் சக்கர டிரம்மைப் பிடிப்பதால் வேலை செய்தது. இடது ஓரம் அகலமாக இருந்த இடத்தில் ஏற்றி நிறுத்தினேன். வலது முன் சக்கரத்திலிருந்து வெள்ளைப் புகை வந்துகொண்டிருந்தது.

பெடல் எப்படி இருந்தது என்பதை நன்றாக மனதில் வாங்கிக்கொள்ளுங்கள், ஏனென்றால் கடைக்காரரோடு என் சண்டையே அதில்தான். இறக்கத்தில் பிரேக் போவது இரண்டு விதம். பிரேக் ஆயில் கொதித்தாலோ, அந்த ஆயில் போகிற குழாய் லைனில் காற்று இருந்தாலோ பெடல் பஞ்சு போல உள்ளே போகும். டாட் 4 என்ற வகை பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது, ஈரம் உறிஞ்சிய பிறகு அந்த அளவு 155க்கு இறங்கிவிடும், அதனால்தான் இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மாற்றச் சொல்கிறார்கள். பேட் சூட்டில் தோற்றால் நேர்மாறு. பெடல் கெட்டியாகவே இருக்கும், நாம் மிதிக்கிற பலம் முழுதும் பேடுக்குப் போகும், ஆனால் பேட் டிஸ்க்கைப் பிடிக்காது. பேடில் இருக்கிற பிசின் சூட்டில் வாயுவாகி, பேடுக்கும் டிஸ்க்குக்கும் நடுவில் படலமாக நிற்கும். நல்ல கம்பெனிகள் பேடை வார்த்த பிறகு தேவையான சூட்டில், தேவையான நேரம் வேக வைப்பதே இது நடக்காமல் இருக்கத்தான். மட்டமான பேடில் அந்தச் செலவைத்தான் மிச்சம் பிடிக்கிறார்கள்.

வண்டியை ஆறவைத்து, மிகவும் மெதுவாக ஓட்டிச் சமவெளிக்கு இறக்கிவிட்டு, அம்மாவை வேறு வண்டியில் அனுப்பினேன். வீட்டில் சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தபோது வயிறு எரிந்தது. பேடின் ஓரம் வெடித்திருந்தது. நகத்தால் கீறினால் கருப்பாக உதிர்ந்தது. ஒரு பேடில் பிரேக் பொருள், அது ஒட்டியிருக்கும் இரும்புப் பின் தகட்டிலிருந்து விட்டுப்போய், நடுவில் காகிதம் நுழைகிற அளவுக்கு இடைவெளி. பின் தகட்டில் இருந்த எழுத்தை தின்னர் தொட்ட துணியால் தேய்த்தேன், பார்ட் நம்பர் பாதி அழிந்து துணியில் நீலமாக ஒட்டிக்கொண்டது. கழற்றி வைத்திருந்த பழைய ஒரிஜினல் பேடை எடுத்து அதே துணியால் தேய்த்தேன், ஒன்றும் ஆகவில்லை. பேட் தேய்ந்ததும் டிஸ்க்கில் உரசிச் சத்தம் போடுகிற தேய்மான எச்சரிக்கைக் கம்பி பழையதில் ரிவெட் அடித்து இருந்தது, புதியதில் அது இல்லவே இல்லை. டிஸ்க் இரண்டும் நீலம் பாரித்துப் போயிருந்தன.

இந்த வேலை செய்யும்போது ஒன்று: பிரேக் தூசியை வாயாலோ காற்றுக் குழாயாலோ ஊதாதீர்கள். மட்டமான பேடில் என்னென்ன கலந்திருக்கிறது என்று யாருக்கும் தெரியாது, ஆஸ்பெஸ்டாஸும் இருக்கலாம். நனைத்துத் துடையுங்கள்.

கடைக்குப் பேடோடு போனேன். முதலில் "ஏர் இருந்திருக்கும்ணா" என்றார் முதலாளி. பேட் மாற்றுவதற்கு லைனைத் திறப்பதே இல்லை, காற்று எந்த வழியாகப் போகும் என்று கேட்டேன். பெடல் கெட்டியாக நின்றதையும் சொன்னேன். அப்புறம், "மலையில பிரேக் மேலயே கால வச்சிருப்பீங்க." என்ன கியரில் இறங்கினேன் என்று சொன்னேன். கடைசியில்தான் அந்த வார்த்தை வந்தது: "மெக்கானிக் மாட்டியிருந்தா அவர்கிட்ட கேக்கலாம். நீங்களே மாட்டினா கம்பெனியே ஏத்துக்காதுங்க." கடையில் நின்றிருந்த இன்னும் இரண்டு பேர் அதைக் கேட்டுத் தலையாட்டினார்கள். அதுதான் என்னைச் சுட்டது. கையில் ஸ்பேனர் பிடித்தவன் என்ற ஒரே காரணத்துக்காக, அவர்கள் விற்ற கள்ளச் சரக்குக்கு நான் பதில் சொல்ல வேண்டுமா? எழுத்து அழிவதற்கும் தகடு விட்டுப்போவதற்கும் மாட்டிய கைக்கும் என்ன சம்பந்தம்?

அங்கிருந்து நேராக தருமபுரியில் அதே பேட் கம்பெனியின் அங்கீகரிக்கப்பட்ட விநியோகஸ்தரிடம் போனேன். கவுண்டரில் இருந்த பெரியவர் பெட்டியைக் கையில் வாங்கிப் பார்த்து, "பெட்டி எங்களோடதுதான் தம்பி" என்றார். பேடை எடுத்ததும் முகம் மாறியது. பெட்டி லேபிளில் இருக்கிற பேட்ச் எண்ணும் தகட்டில் இருக்கிற பேட்ச் எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று காட்டினார். என்னுடையதில் இரண்டும் வேறு வேறு. தகடும் மெலிது. ஒர்க்‌ஷாப்களில் மிஞ்சுகிற காலிப் பெட்டிகளை, சேதமில்லாமல் இருந்தால், காசு கொடுத்து வாங்க ஆள் இருக்கிறார்களாம். ஹாலோகிராம் கிழியாமல் பெட்டியின் அடிப்பக்கத்தைத் திறந்தால் மறுபடி நிரப்பி ஒட்டிவிடலாம் என்று சொல்லி, என் பெட்டியின் அடியில் இரண்டாம் முறை பசை போட்ட தடத்தைக் காட்டினார். மேல்பக்கம் மட்டும் பார்த்து வாங்குகிறவர்களுக்கு இது தெரியவே வராது.

ஆகவே பெட்டியை அடிப்பக்கம் திருப்பிப் பாருங்கள். கவுண்டரிலேயே, கடைக்காரர் கண் முன்னால், போனில் வீடியோ எடுத்துக்கொண்டே பிரியுங்கள். தகட்டின் பேட்ச் எண்ணை லேபிளோடு ஒப்பிடுங்கள். பழைய பேடையும் கையோடு கொண்டுபோய்ப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்: தகட்டின் தடிமன், நடுவில் இருக்கும் வெட்டு, ஓரச் சரிவு, எச்சரிக்கைக் கம்பி. முகம் சுளித்தால் அந்தக் கடை வேண்டாம், அடுத்த கடைக்குப் போங்கள். வண்டியில் மாட்டி ஓட்டிப் பார்த்து நம்பிக்கை வரும் வரை பெட்டியைத் தூக்கி எறியாதீர்கள். எறியும்போது லேபிளையும் ஹாலோகிராமையும் குறுக்கே வெட்டி எறியுங்கள், உங்கள் பெட்டி அடுத்தவன் வண்டிக்குப் போக வேண்டாம்.

டீசல் ஃபில்டரும் இப்படித்தான் வருகிறது. எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே பொதுக் குழாயிலிருந்து டீசல் போகிற காமன் ரயில் இன்ஜினில், ஆயிரத்துக்கும் மேற்பட்ட பார் அழுத்தத்தில் டீசல் போகிறது, மட்டமான ஃபில்டர் தண்ணீரையும் தூசியையும் விட்டுவிட்டால் அடி வாங்குவது இன்ஜெக்டர். அதற்கும் இதே கவனம் வேண்டும்.

ஏமாந்தவர்கள் செய்ய வேண்டியது. முதலில் 1915, தேசிய நுகர்வோர் உதவி எண். அங்கே தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், கடை இருக்கிற ஊருக்கு அலைய வேண்டாம். ஐந்து லட்சம் ரூபாய்க்குள் வாங்கிய பொருளுக்குக் கட்டணம் கிடையாது. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். வக்கீல் இல்லாமலும் வாதாடலாம். பொருளைப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்ப ஆணையத்துக்கு அதிகாரம் இருப்பதால் ஒரு பேடையாவது கை வைக்காமல் அப்படியே உறையில் போட்டு வையுங்கள். பேட் கம்பெனிக்கும் படத்தோடு எழுதுங்கள். போலி வணிகக் குறியோடு பொருள் விற்பது 1999ஆம் ஆண்டு வணிகக் குறிச் சட்டத்தின் 104ஆம் பிரிவில் ஆறு மாதம் முதல் மூன்று வருடம் வரை சிறைக்குரிய குற்றம். யார் மாட்டினார்கள் என்ற கேள்வியே அதில் வராது.

நான் 1915 எண்ணில் புகார் பதிவு செய்த பிறகு கடைத் தரப்பிலிருந்து ஆள் மூலம் தூது வந்தது: 1,900 ரூபாயைத் தந்துவிடுகிறோம், பேடையும் பெட்டியையும் கொடுத்துவிடுங்கள் என்று. மறுத்துவிட்டேன். டிஸ்க் இரண்டும் மாற்றிய செலவு வேண்டும், அந்தச் சரக்கு எங்கிருந்து வந்தது என்பது எழுத்தில் வேண்டும் என்று கேட்டிருக்கிறேன். பதில் வராவிட்டால் தருமபுரி ஆணையத்தில் மனு போடுவேன், தாள்கள் தயார்.

அண்மையில் கிருஷ்ணகிரியில் முன் பேட் வாங்கி மாட்டியவர்கள், தொப்பூரோ ஏற்காடோ ஒகேனக்கல்லோ இறங்குவதற்கு முன் சக்கரத்தைக் கழற்றி, பின் தகட்டு எழுத்தை தின்னர் துணியால் ஒரு தேய்ப்புத் தேய்த்துப் பாருங்கள். பிரேக் பொருளின் மேல் தின்னர் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.